திரை இருண்டால் பெட்டி செத்துவிட்டதா?
பழைய கணனிக்குப் பொருந்தும் மொனிட்டரைத் தேடும் முறை



இம்முறை பாடம் கொழுந்தைப் பற்றியதோ கூரைத் தகரத்தைப் பற்றியதோ அல்ல. சங்க அறையிலும் படிப்பகத்திலும் துணி போட்டு மூடி மூலையில் வைத்திருக்கும் பழைய கணனியைப் பற்றியது. "அதுக்கெல்லாம் இப்ப ஒரு பாடமா?" என்று சிலர் கேட்பீர்கள். நம்முடைய கணக்கு ஒன்று அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் அப்படிக் கேட்க மாட்டோம்.

2004ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஊவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில், கொழும்புக் கம்பனி ஒன்று கழித்துக் கொடுத்த கணனி இருந்தது. 286 என்பார்களே, அந்த ரகம். பச்சை எழுத்து மொனிட்டர். வீட்டுக் கடன் எடுத்தவர்கள் மாதாமாதம் சம்பளத்தில் கட்டிய தவணை எல்லாம் அதில் பதிந்திருந்தது. லெட்ஜர் புத்தகமும் இருந்ததுதான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, இரண்டு வருடத்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன. எனவே மிச்சமிருந்த சாட்சி அந்தப் பெட்டிதான்.

ஒருநாள் காலையில் மொனிட்டர் "டப்" என்ற சத்தத்தோடு இருண்டது. அதே மாதம் ஓர் அக்கா சங்க அறைக்கு வந்தார். கணவர் காலமாகி நாற்பது நாள் ஆகவில்லை. "அவரு இருந்தப்ப எவ்வளவு கட்டியிருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. மிச்சத்த நான் கட்டுறேன்" என்றார். செயலாளர் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. டவுனுக்குப் போய் ஒரு மொனிட்டர் வாங்கி வந்தார். பிளக் பொருந்தவில்லை. கணனியில் 9 ஓட்டை; புது மொனிட்டரின் வயரில் 15 ஊசி. கடைக்காரர் 9க்கும் 15க்கும் நடுவில் ஒரு வயரை ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அப்போதும் திரையில் ஒன்றுமில்லை. "பொட்டியே செத்துப்போச்சு. புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பெட்டியைக் கொடுப்பதாக முடிவாகியிருந்த வேளையில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது.

பெட்டி சாகவில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள்

கணனி என்பது வேறு, மொனிட்டர் என்பது வேறு. கணக்கெல்லாம் இருப்பது பெட்டிக்குள்ளே உள்ள டிஸ்க்கில். மொனிட்டர் அதைக் காட்டும் கண்ணாடி மட்டும். கண்ணாடி உடைந்தால் முகம் போய்விடாது.

சுவிச்சைப் போட்டவுடன் பெட்டிக்குள் காற்றாடி சுற்றுகிறதா, சிறிது நேரத்தில் "பீப்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு குட்டைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பெட்டி நலம். ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும் வந்தால், பல கணனிகளில் அது திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் கோளாறு என்பதற்கு அடையாளம். பிறகு கீபோர்டில் நம் லொக் பட்டனைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பெட்டி விழித்திருக்கிறது.

அந்தச் சங்கத்தில் நாங்கள் இன்னொன்றும் செய்தோம். பிரிண்டரில் கடதாசியைப் போட்டு, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து, டீ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, வலப்பக்கம் பார்த்த அம்புக்குறி, அதன்பின் பீ, ஆர், என் என்று தட்டி என்டரை அமுக்கினோம். டொஸ் முறையில் ஓடும் பழைய கணனிகளில், டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைத் திரைக்குப் பதிலாகப் பிரிண்டருக்கு அனுப்பும் கட்டளை அது. பிரிண்டர் "கிரீச் கிரீச்" என்று அடிக்கத் தொடங்கியதும் செயலாளர் தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடன் கணக்கு பைலின் பெயர் அந்தக் கடதாசியில் இருந்தது.

மொனிட்டரையும் அவசரப்பட்டுக் கழிக்கக் கூடாது. தூசி தட்டும்போது வெளிச்சக் குமிழ் திரும்பியிருக்கலாம். பிளக்கின் ஊசி ஒன்று வளைந்திருக்கலாம். இன்னொரு விஷயமும் உண்டு: மிகப் பழைய ஐ.பி.எம். ஒரே நிற மொனிட்டருக்குத் தனிச் சுவிச்சே கிடையாது. கணனியின் பின்புறத்திலிருந்துதான் கரண்ட் எடுக்கும். அந்த வயர் கழன்றிருந்தாலும் இருட்டுத்தான். படக்குழாய் மொனிட்டரைப் போட்டவுடன் கண்ணாடிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கும். சிலிர்த்தும் படம் இல்லையென்றால், குறை மொனிட்டரில்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வயரையும் கார்டையும் பார்க்க வேண்டும்.

பின்புறத்து ஓட்டையை எண்ணுங்கள்

மொனிட்டர் தேடப் போகுமுன் கணனியைத் திருப்பி வைத்து, மொனிட்டர் வயர் போகும் இடத்தைப் பாருங்கள். அங்கே 5 ஓட்டையாக மூன்று வரிசை, மொத்தம் 15 இருந்தால் அது வீ.ஜீ.ஏ. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முறை, அதற்குப் பின் வந்த கணனிகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். உங்கள் வேலை பாதி முடிந்தது.

இரண்டு வரிசையில் 9 ஓட்டை இருந்தால் அது அதற்கு முந்திய காலத்துச் சரக்கு. இங்கேதான் தலைவலி. 9 ஓட்டையில் மூன்று சாதி உண்டு. 1981இல் ஐ.பி.எம். கணனியோடு வந்த ஒரே நிற முறையும், அதே காலத்து சீ.ஜீ.ஏ. என்ற நிற முறையும், 1984இல் வந்த ஈ.ஜீ.ஏ.யும். மூன்றுக்கும் பிளக் ஒன்றே. மாற்றிப் போட்டாலும் உள்ளே போய்விடும். போனதால் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒரே நிற மொனிட்டரை சீ.ஜீ.ஏ. கார்டில் மாட்டிச் சுவிச்சைப் போட்டால் மொனிட்டரே எரிந்து போகக்கூடும்.

எது எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: 9 ஓட்டைக்குப் பக்கத்திலேயே, அதே தகட்டில், பிரிண்டருக்குப் போகும் 25 ஓட்டையும் இருந்தால் அது பெரும்பாலும் ஒரே நிறக் கார்ட். பக்கத்தில் டீவி வயர் போடுவது போன்ற ஒற்றை வட்ட ஓட்டை இருந்தால் சீ.ஜீ.ஏ.யாக இருக்கலாம். வெளியிலிருந்தே தெரியும்படி குட்டிக் குட்டிச் சுவிச்சுகள் வரிசையாக இருந்தால் ஈ.ஜீ.ஏ. என்று சந்தேகிக்கலாம்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. கணனியின் பின்னால் 9 ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மொனிட்டருக்கு அல்ல. பழைய மவுசுக்கும் மோடத்துக்கும் உரியது. இரண்டே வரிசையில் 15 ஓட்டை இருந்தால் அது விளையாட்டுக் கைப்பிடிக்கு. (பழைய மெக்கின்டொஷ் கணனியில் மட்டும் இதே இரட்டை வரிசை 15 ஓட்டைதான் மொனிட்டருக்குப் போவது. அது வேறு வீட்டுப் பிள்ளை.)

பிளக்கைவிட வேகம் முக்கியம்

அந்தக் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த வயர் ஏன் வேலை செய்யவில்லை? இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பழைய படக்குழாய் மொனிட்டருக்குள்ளே ஒரு மின்கதிர் ஓடுகிறது. நம் அக்காமார் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பது போல அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். நிரை முடிந்ததும் திரும்பி வந்து அடுத்த நிரையில் இறங்கும். மலை முழுதும் முடிந்ததும் மறுபடி மேலேயிருந்து தொடங்கும். எப்போது அடுத்த நிரைக்கு மாற வேண்டும் என்று கணனிதான் கங்காணி மாதிரி குரல் கொடுக்கிறது. அந்தக் குரலின் வேகத்துக்கு மொனிட்டரால் ஓட முடிந்தால்தான் படம் நிற்கும்.

ஒரே நிறக் கார்ட் ஒரு விநாடிக்கு 18,432 நிரை கேட்கும்; முழுத் திரையை 50 தடவை எழுதும். சீ.ஜீ.ஏ. கேட்பது சுமார் 15,700 நிரை; ஈ.ஜீ.ஏ. சுமார் 21,850. வீ.ஜீ.ஏ.யோ சுமார் 31,500. நிரைக் கணக்கைக் கிலோஹேர்ட்ஸ் என்று ஆயிரத்தில் சொல்வார்கள். எனவே 18, 15, 21, 31 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சங்கத்துக் கணனி 18இல் குரல் கொடுத்தது. வாங்கி வந்த மொனிட்டர் 31க்குக் குறைந்து ஓடத் தெரியாதது. நடுவில் எந்த வயரைப் போட்டும் பயனில்லை.

போதாக்குறைக்கு, அனுப்பும் மின்சாரமும் வேறு. பழைய 9 ஓட்டைக் கார்ட் எரி, அணை என்று இரண்டே சொல் பேசும். எரி என்றால் சுமார் 5 வோல்ட் வரை போகும். வீ.ஜீ.ஏ. மொனிட்டர் எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வயரில் 0 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அளவு. மொனிட்டர் பிழைத்ததே அதிர்ஷ்டம்.

இன்று நாம் காணும் தட்டை மொனிட்டர்களுக்குள் இப்படி ஓடும் கதிர் இல்லை. ஆனாலும் வருகிற குரலைப் புரிந்துகொள்ள அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கையேட்டில் கிடை வேகம் 30 முதல் 80 கிலோஹேர்ட்ஸ் வரை, நிலை வேகம் 56 முதல் 75 ஹேர்ட்ஸ் வரை என்பது போல அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் காட்டுவார். நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள். அது 30 என்றால் வீ.ஜீ.ஏ. கணனி அதற்குள் அடங்கும்; 9 ஓட்டைக் கணனி எதுவும் அடங்காது. திரையில் எல்லைக்கு வெளியே என்று ஒரு செய்தி வந்தால் அதற்கும் இதுதான் பொருள்.

மொனிட்டருக்குப் பதிலாகக் கார்ட்

சரி, 18இல் ஓடும் பழைய மொனிட்டரை எங்கே தேடுவது? தேடலாம். பழைய மொனிட்டர்களிலேயே பல வேகத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் ரகம் ஒன்று உண்டு. என்.ஈ.சி. கம்பனி 1985இல் மல்டிசிங்க் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. அப்படி ஒன்று கிடைத்தால் யோகம். 9 ஓட்டைப் படத்தை வீ.ஜீ.ஏ.யாக மாற்றும் சிறு பலகைகளும் பழைய கணனி சேகரிப்பவர்களுக்காக விற்கப்படுகின்றன. சீ.ஜீ.ஏ. கார்டில் வட்ட ஓட்டை இருந்தால் டீவியிலேயே படம் பார்க்கலாம். ஆனால் அது அமெரிக்க முறைப்படி வரும், நமது நாட்டு டீவி முறை வேறு. இரண்டு முறையையும் ஏற்கும் டீவி வேண்டும். இல்லாவிட்டால் நிறமில்லாமல் வரும், அல்லது படம் உருண்டுகொண்டே இருக்கும்.

என் அபிப்பிராயம், இவை எல்லாவற்றையும்விட மலிவானது கார்டை மாற்றுவது. மொனிட்டருக்குப் படம் அனுப்பும் கார்ட் கழற்றிப் போடக்கூடிய ஒன்று. ஒரே நிறக் கார்டைக் கழற்றிவிட்டு, அதே வகைத் துவாரத்துக்குப் பொருந்தும் பழைய வீ.ஜீ.ஏ. கார்டைப் போட்டால் கணனி 31இல் பேசத் தொடங்கிவிடும். பிறகு எந்த வீ.ஜீ.ஏ. மொனிட்டரும் போதும். 286, 386 கணனிகளுக்கு ஐ.எஸ்.ஏ. வகைக் கார்ட் என்று கேட்க வேண்டும். பின்னால் வந்த பீ.சீ.ஐ. கார்ட் அந்தத் துவாரத்தில் உட்காராது.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். டீவி திருத்தும் பாஸ் ஒருவருடைய கடையில், பழைய பலகைகள் குவித்திருந்த அட்டைப்பெட்டிக்குள் அரை நாள் தேடி ஒரு கார்டைப் பொறுக்கினோம். கணனியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை அமுக்கினோம். தாய்ப்பலகையில் ஒரே நிறமா, பல நிறமா என்று சொல்லும் குட்டித் தொப்பி ஒன்று ஊசிகள்மேல் இருக்கும். அதையும் மாற்றினோம். சுவிச்சைப் போட்டதும் கணனி "பீப்" என்று முறைப்பாடு செய்தது. திரை வகை முன்பு எழுதி வைத்ததோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி. ஆனால் அந்த வரியே திரையில்தானே வந்தது! எப் 1 பட்டனைத் தட்டி உள்ளே போய்த் திருத்தினோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 286 போன்ற கணனிகள் தங்கள் டிஸ்க்கின் அளவை ஒரு சிறு பற்றரியின் தயவில் நினைவில் வைத்திருக்கின்றன. அந்தப் பற்றரியைப் பிடுங்கிவிடாதீர்கள். திரை தெரிந்தவுடன் முதல் வேலையாக டிஸ்க் வகை எண்ணை ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

அன்று பின்னேரம் முழுக் கணக்கையும் பிரிண்டரில் அடித்து எடுத்தோம். பிளொப்பியிலும் இரண்டு பிரதி. அந்த அக்காவின் வீட்டுக்காரர் கட்டிய தவணை ஒவ்வொன்றும் திகதியோடு இருந்தது. "அவரு ஒரு மாசங்கூட விடலயே" என்று அக்கா அந்தக் கடதாசியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மொனிட்டரே வேண்டாத நேரமும் உண்டு

உங்களுக்கு வேண்டியது கணக்கு மட்டும்தானா, கணனி தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமா என்று முதலில் கமிட்டியில் பேசிக்கொள்ளுங்கள். கணக்கு மட்டும்தான் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. அடப்டர் மூலம் புதிய கணனியில் மாட்டிப் பார்க்கலாம். டிஸ்க்குக்கு 40 ஊசியுள்ள ஒரே பட்டை வயர் போனால் இது சாத்தியம். 34 ஊசி, 20 ஊசி என்று இரண்டு பட்டை வயர் போனால் அது மிகப் பழைய ரகம். எந்தக் கடை அடப்டரும் உதவாது, அந்தக் கணனியிலேயேதான் வாசிக்க வேண்டும். 40 ஊசி டிஸ்க்கிலும் 1990களின் தொடக்க காலத்துச் சிறிய டிஸ்க்குகளைப் பல அடப்டர்கள் அடையாளம் காண்பதில்லை. எனவே அடப்டரில் தெரியவில்லை என்றதும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்றைக்குக் கடைக்குப் போனால்

பெரும்பாலான சங்கங்களிலும் படிப்பகங்களிலும் இன்று மிஞ்சியிருக்கும் பழைய கணனி 15 ஓட்டைக்காரர்தான். அதற்கும் பிரச்சினை வந்துகொண்டிருக்கிறது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. முதலான கம்பனிகளும் சில மொனிட்டர் கம்பனிகளும் சேர்ந்து வீ.ஜீ.ஏ.யைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தன. புதிய மொனிட்டர் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை மட்டுமே உண்டு. ஆகவே பாவித்த தட்டை மொனிட்டர் வாங்குவதே எளிது. வாங்குமுன் பின்புறத்தில் அந்த 15 ஓட்டை இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. மொனிட்டர் ஏற்கனவே கையில் இருந்தால் நடுவில் மாற்றிப் பெட்டி ஒன்று வேண்டும். வெறும் வயர் போதாது. இதில் பலர் காசை விடுகிறார்கள்: கடைகளில் அதிகம் தொங்குவது எச்.டி.எம்.ஐ. கணனியிலிருந்து வீ.ஜீ.ஏ. மொனிட்டருக்குப் போவது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றை மற்றதாகப் பாவிக்க முடியாது. "வீ.ஜீ.ஏ. உள்ளே, எச்.டி.எம்.ஐ. வெளியே" என்று சொல்லிக் கேளுங்கள். டொஸ் எழுத்துத் திரை விநாடிக்கு 70 தடவை எழுதப்படுவது. சில மாற்றிகள் 60ஐ மட்டுமே ஏற்கும். முடிந்தால் கணனியையே தூக்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் கொஞ்சம் சிரமந்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த மொனிட்டராக இருந்தால் பின்னால் ஒட்டியுள்ள வோல்ட் அளவையும் வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் பயமில்லை. 100 என்று மட்டும் இருந்தால் ஜப்பானுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் வரும்.

பழைய மொனிட்டரை என்ன செய்வது

படக்குழாய் மொனிட்டரின் மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும்; நிற மொனிட்டரில் இருபதாயிரத்தையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கலாம். வயரிங் தெரிந்த தம்பிமாரும் இதில் கைவைக்கக் கூடாது.

செம்புக் கம்பிக்காகக் குழாயை உடைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது; நிறக் குழாயில் அது கிலோ கணக்கில் இருக்கும். உடைந்த தூள் சின்னப் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். பீலிக்கு மேலே உள்ள குப்பைக் குழியில் போட்டால் மழை அதைக் கீழே கொண்டுவரும். உடைக்காமல் முழுதாக, மழை படாத இடத்தில் வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும் நாளைப் பிரதேச சபையிலோ தோட்ட ஆபீசிலோ விசாரித்து ஒப்படைக்கலாம். கொடுக்குமுன் அதன் வயரையும் பின்னால் ஒட்டியுள்ள மாதிரி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மொனிட்டர் தேடிக் கடைக்குப் போகும்போது அந்தத் துண்டுக் கடதாசிதான் உங்கள் கையில் இருக்க வேண்டும்.